கடைசி அரை கிலோமீட்டர்

வேளச்சேரியிலிருந்து உள்வட்டச் சாலையில் பரங்கிமலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பல வருஷம் ஒரு காட்சி பழகிப்போயிருந்தது. பறக்கும் ரயிலுக்காகக் கட்டிய பாலம் தலைக்கு மேலே கூடவே வரும். புழுதிவாக்கம் நிலையம் வரும், ஆதம்பாக்கம் நிலையம் வரும். தில்லை கங்கா நகரை நெருங்கியதும் பாலம் சட்டென்று அறுந்துவிடும். அதற்கப்பால் வீடுகள், மரங்கள், வெறும் வானம். அந்த முனையிலிருந்து பரங்கிமலை ரயில் நிலையத்துக்கு ஏறத்தாழ அரை கிலோமீட்டர்தான்.

2008இல் தொடங்கிய 5 கிலோமீட்டர் நீட்டிப்பு அது. புறநகர் ரயிலும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் பரங்கிமலையில் ஒன்றையொன்று தொடவேண்டும் என்பது நோக்கம். அது நடந்தால் தாம்பரத்திலிருந்து தரமணிக்கு வேலைக்குப் போகிறவர் ஒரே நிலையத்துக்குள் வண்டி மாறிக்கொள்ளலாம். நாலரை கிலோமீட்டர் வேலை முடிந்தது. மிச்ச அரை கிலோமீட்டரில் வீடும் மனையும் வைத்திருந்தவர்கள், அரசு சொன்ன இழப்பீடு சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்தாண்டுக்கும் மேல் பணி நின்றது. 500 கோடி ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய செலவு 700 கோடியைத் தாண்டியது. கட்டி முடித்த நாலரை கிலோமீட்டரும் அத்தனை காலம் ஒரு பயணியைக்கூடச் சுமக்கவில்லை.

சிலபேர் பிடிவாதத்தால் ஒரு நகரமே காத்துக் கிடந்தது என்று அந்த நாட்களில் பேச்சு இருந்தது. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரயில் வந்தால் இலட்சம் பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அதற்காகச் சில பத்துக் குடும்பங்களுக்கு வீடே போகிறது. பயன் ஊரெங்கும் தூவப்படுகிறது, ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம்தான் விழுகிறது. சுமையோ ஒரே தெருவில் வந்து குவிகிறது. திட்ட அறிக்கையில் பத்து நிமிஷங்களையெல்லாம் கூட்டிப் பணமாக மாற்றி வரவுப் பக்கத்தில் எழுதிவிடலாம். அந்தத் தெருவின் கணக்கு, 'நில எடுப்பு' என்ற ஒரே தலைப்பில், செலவுப் பக்கத்தில் ஒரு வரியாக நிற்கும். அந்த ஒரு வரியை நேர்மையாக எழுதியிருந்தால் வழக்கே வந்திருக்காது, பத்தாண்டும் வீணாகியிருக்காது என்பது என் எண்ணம்.

இந்த அரை கிலோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையின் போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் இதே அளவில் ஓரிடம் தட்டுப்படுகிறது. நகரம் முழுவதற்குமான திட்டம் ஒரு தெருவைத் தொடுகிற இடம் அது. பெரிய திட்டங்கள் பெரிய காரணங்களால் கெட்டதைவிட, அந்தச் சின்ன இடத்தைக் கவனிக்காமல் கெட்டதே இங்கு அதிகம்.

பறக்கும் ரயிலின் பழைய பாதையையே எடுத்துக்கொள்வோம். கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், திருமயிலை வரை 1997இலும், வேளச்சேரி வரை 2007இலும் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர். பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியோ, கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கியோ போகிறது. காரணம் எளிது. கால்வாய் அரசு நிலம். வீடு இடிக்கவேண்டாம், கடைக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுற்றுச்சூழல் அக்கறையுள்ளவர்கள் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்குப் பட்டா இல்லை, ஆகவே அவர்கள் எதிர்ப்பு எதிர்ப்பாகவே கணக்கில் வரவில்லை.

அதன் விலை பிறகு தெரிந்தது. கால்வாய் போகிற இடம் வேறு, ஜனங்கள் போகிற இடம் வேறு. மயிலாப்பூரின் உயிர் லஸ் முனையிலும் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளிலும் துடிக்கிறது. ரயிலோ கால்வாய்க் கரையில் வந்து நிற்கிறது. லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கித் திருமயிலை நிலையத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். தூரம் அதிகமில்லை. ஆனால் நடைபாதை இருக்கிற இடத்தில் மின்பெட்டி நிற்கும், மின்பெட்டி இல்லாத இடத்தில் பைக் நிற்கும். சாலையில் இறங்கினால் ஆட்டோ உரசிக்கொண்டு போகும். நிலையத்துக்குள் நுழைந்தால் ஊரே கொள்ளும் அளவுக்குக் கட்டிய கூடம், பாதி விளக்கு எரியாமல், ஆளரவமில்லாமல் கிடக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் படிகளில் தனியாக ஏறுவதற்கு என் வீட்டுப் பெண்களே தயங்குவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். ரயிலில் இடம் இருந்தது, பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம் தொங்கியது. நிலையத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பொறுப்பேற்க ரயில்வேயும் முன்வரவில்லை, மாநகராட்சியும் முன்வரவில்லை.

எதிர்ப்பே இல்லாத வழியைத் தேடிப் போடுகிற பாதை, கடைசியில் யாருக்கும் அருகில் இல்லாத பாதையாகிவிடுகிறது. போக்குவரத்து எங்கே தேவையோ அங்கே ஜனங்கள் இருப்பார்கள், ஜனங்கள் இருக்கிற இடத்தில் எதிர்ப்பும் இருக்கும்.

கிளாம்பாக்கம் இதைவிடப் பெரிய கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

வெளியூர் பஸ்கள் ஒருகாலத்தில் பாரிமுனையிலிருந்து புறப்பட்டன. அங்கே இடம் போதாமல் 2002இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் இதே பேச்சுதான். ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள், யார் அவ்வளவு தூரம் போவது என்றார்கள். மெல்ல மெல்ல நகரம் கோயம்பேட்டைச் சூழ்ந்துகொண்டது. மாநகர பஸ்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குத்தான் ஓடியது. பஸ் நிலைய வாசலிலேயே ஒரு மெட்ரோ நிலையமும் அமைந்தது. ஆக, பஸ் நிலையம் திறந்து ரயில் வந்து சேர 13 வருஷம். ரயில் வந்தபின் எட்டே வருஷத்தில், 2023 டிசம்பர் 30 அன்று, கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன.

இந்த இடமாற்றத்துக்கு நகர அளவில் வலுவான நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய பஸ்களில் பெரும்பகுதி தெற்கே போகிறவை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் அவை கோயம்பேட்டிலிருந்து பெருங்களத்தூரைத் தாண்டவே மணிக்கணக்காகும். திருச்சிக்குப் போகவேண்டிய பஸ் தாம்பரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதன் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கும், மாநகர பஸ் நிற்கும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் பைக்குகள் நிற்கும். வண்டலூருக்கு அந்தப் பக்கம் 88 ஏக்கரில், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒரு முனையம் கட்டினால் இந்த நெரிசல் நகரத்தை விட்டு வெளியேறும் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் போட்ட கணக்கு தப்பில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரிக்காரர்களுக்கு அது வசதியாகவும் அமைந்தது.

வடசென்னைக்காரருக்கு எப்படி அமைந்தது? திருவொற்றியூரிலிருந்து கிளாம்பாக்கம் 40 கிலோமீட்டருக்கு மேல். ஒரு குடும்பம் இரண்டு பையும் ஒரு கைக்குழந்தையுமாக ராத்திரி பஸ் பிடிக்க வேண்டுமானால் சாயந்திரமே வீட்டைப் பூட்டவேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு ஊரிலிருந்து வந்து இறங்கினால் அந்த நேரத்தில் கிடைப்பது ஆட்டோதான். மதுரையிலிருந்து கிளாம்பாக்கம் வர ஆன காசை கிளாம்பாக்கத்திலிருந்து வீடு வர ஆட்டோவுக்குக் கொடுத்தேன் என்று சொல்கிறவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். 2024 பிப்ரவரியில், போதிய பஸ் இல்லையென்று பயணிகள் நள்ளிரவில் பஸ்களை மறித்து நின்றார்கள். ஆம்னி பஸ் உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போய், கோயம்பேட்டிலுள்ள தங்கள் பணிமனைகளிலிருந்தும் பயணிகளை ஏற்றிக்கொள்ள இடைக்கால அனுமதி பெற்றார்கள். அரசும் ஒரு பகுதித் தென்மாவட்ட பஸ்களை மாதவரத்திலிருந்து இயக்க ஏற்பாடு செய்தது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. தாம்பரம்–செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதை கிளாம்பாக்கம் முனையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கத்தில்தான் போகிறது. முனையத்தின் வாசலில் நின்றால் ரயிலின் ஹாரன் கேட்கும். கடற்கரை, எழும்பூர், மாம்பலம் என்று நகரத்தின் முதுகெலும்பாக ஓடுகிற ரயில் அது. திறப்பு விழா அன்று அங்கே நிலையம் கிடையாது. முன்னால் வண்டலூர், பின்னால் ஊரப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் முனையம். நிலையம் கட்டும் வேலையும், சாலைக்கு மேலே நடைமேம்பாலம் போடும் வேலையும் பஸ்கள் வந்து சேர்ந்த பிறகே சூடுபிடித்தன. இங்கேயும் அரை கிலோமீட்டருக்குள்தான். அந்த இணைப்பு முதலில் வந்து பஸ்கள் பிறகு வந்திருந்தால், திருவொற்றியூர்க்காரர் திட்டியபடியே என்றாலும் ரயிலேறி வந்திருப்பார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு ஏறத்தாழ பதினைந்தரை கிலோமீட்டருக்கு மெட்ரோ கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது. கோயம்பேட்டின் 13 வருஷக் கதை திரும்புமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

முனையம் தெற்கே போனது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வடக்கிலிருக்கும் ஒருவர் அந்த முடிவுக்காகக் கூடுதலாக எத்தனை மணி நேரம், எத்தனை ரூபாய் செலவழிக்கப் போகிறார் என்பதை யாராவது முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். அதைக் குறைக்கும் வழியும் அதே கோப்பில், அதே நிதியில், அதே திறப்பு நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். மாதவரம் ஏற்பாடு பிறகு ஒட்டவைத்த சலுகைபோல இல்லாமல் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கலாம். மாதவரம் பேருந்து முனையம் 2018 முதலே இயங்கிக்கொண்டுதானே இருந்தது.

'உள்ளூர்' என்ற சொல்லை நாம் ஒரே பொருளில் ஆள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா உள்ளூரும் ஒன்றல்ல. தில்லை கங்கா நகரில் பத்திரம் வைத்திருந்தவர்கள் வக்கீல் வைத்து வாதாடினார்கள். கூவம் கரையில் இருந்தவர்களால் அது முடியவில்லை. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகள் வடசென்னைச் சாலைகளில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர் யாரும் அந்தத் தேவையை மறுக்க மாட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த லாரிகளின் சக்கரங்களுக்கு இடையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் சாலைக்காகத் தேர்ந்த இடம் கூவம் ஆற்றங்கரை. மறுபடியும் நீர்வழி, மறுபடியும் பட்டா இல்லாதவர்கள். ஆற்றின் போக்கைத் தூண்கள் தடுக்கின்றன என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2022இல் ஈரடுக்குச் சாலையாக, 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், அது மறுபடி தொடங்கப்பட்டது. நின்றதற்கும் தொடங்கியதற்கும் வாதங்கள் நிறைய. கரையிலிருந்து கிளப்பப்பட்டவர்களுக்கு மட்டும் திரும்பி வருகிற வழி இல்லை.

சென்னையின் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கு மேல் அடுக்ககங்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவரும், நுங்கம்பாக்கத்தில் வீட்டுவேலை செய்தவரும் ஒரே இரவில் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போனார்கள். வேலை பழைய இடத்திலேயே இருந்தது. நகரத்தின் பயண நேரத்தைக் குறைக்க எடுத்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் பயண நேரம், கால் மணியிலிருந்து ஒன்றரை மணியாகப் பெருகியது. போக்குவரத்துத் திட்டத்தின் கணக்கில் இது வருவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வீடு கொடுத்தது வேறொரு துறை. 2021 மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, இந்தக் குடியிருப்புகளின் நிறுத்தங்களில் அதன் அருமை புரிந்தது. காலை ஐந்து மணிக்கு, முன்பக்கம் ரோஸ் நிறம் அடித்த பஸ்ஸுக்காக டிபன் தூக்குடன் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். டீலக்ஸ் பஸ் வந்து நின்றால் யாரும் அசைய மாட்டார்கள். அந்தப் பஸ்ஸில் போக வர ஆகும் காசு, மாதச் சம்பளத்தில் ஒரு துண்டையே வெட்டிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உள்ளூர்க்காரர் கேட்பதெல்லாம் நியாயமாகிவிடாது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திச் சாலையைச் சுருக்கும் திட்டம் பேச்சில் இருந்த காலத்தில், கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரமே படுத்துவிடும் என்ற கவலை கடைக்காரர்களிடம் பலமாக இருந்தது. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தது. சாயந்திரங்களில் கிழவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், சக்கர நாற்காலியில் வந்து துணி வாங்குகிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. பாண்டி பஜாருக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் காரில் வருகிறவர்கள் அல்லர். கடைக்காரர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார், பஸ்ஸில் வந்து நடந்து போனவரைப் பார்க்கவில்லை. ஒரு தெருவுக்குள் நுழையவும் வெளியேறவும் நடக்கவும் வேண்டும் என்பது உரிமை. என் வாசலில் என் வண்டியை நிறுத்த இடம் வேண்டும் என்பது வசதி. இரண்டையும் 'உள்ளூர்க் கோரிக்கை' என்று ஒரே உறையில் போடக் கூடாது. அதேசமயம், பிரதான சாலையில் குறைந்த வண்டிகள் பக்கத்துக் குறுக்குத்தெருக்களில் நெருக்குவதாக அங்கே குடியிருப்பவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அது மூன்றாவது வகை உள்ளூர், அதைக் கேட்க யாரும் நியமிக்கப்படவில்லை.

உள்ளூர்க் குரல் நகரத்தையே செழுமையாக்கிய கதையும் உண்டு. மெட்ரோவின் முதல் கட்டம் வடக்கே வண்ணாரப்பேட்டையோடு முடிவதாகத்தான் முதலில் திட்டம். திருவொற்றியூர் வரைக்கும் வேண்டும் என்ற கோரிக்கை வடசென்னையிலிருந்து ஓயாமல் எழுந்தது. சுமார் 9 கிலோமீட்டர் நீட்டித்து, 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை ரயில் ஓடியது. தொழிற்சாலைப் புகையையும் லாரிகளையும் நகரத்துக்காகத் தாங்கிய பகுதி, நகரத்திடம் ஒன்றைக் கேட்டுப் பெற்றது. அந்தக் கோரிக்கை எழாமல் இருந்திருந்தால் மெட்ரோவின் நீலத் தடம் தென்பாதிக்கே பெரும்பாலும் பயன்பட்டிருக்கும்.

சின்ன பஸ்ஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013 அக்டோபரில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிறிய பஸ்களை இறக்கியது. பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கும் பெரிய சாலைக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. யோசனை அருமையானது. ஆனால் லாப நஷ்டத்தை அந்தந்தத் தடத்தில் வசூலாகும் பணத்தை வைத்தே பார்த்தார்கள். சின்ன பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்று முடிவாயிற்று, பல தடங்கள் மெலிந்தன. அது கொண்டுவந்து சேர்த்த பயணி அடுத்து ரயிலில் வாங்கிய டிக்கெட் வேறு துறையின் வருமானம். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே மடையை அடைத்த மாதிரி ஆயிற்று. அந்த வேலையை இன்று ஷேர் ஆட்டோக்கள் செய்கின்றன, நெரிசல் நேரத்தில் மட்டும், அவற்றுக்குக் கட்டுப்படியாகிற தெருக்களில் மட்டும்.

இந்தத் துறைகளையெல்லாம் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. அது உண்மையில் அலுவலகமாக இயங்கத் தொடங்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. இந்த இடைவெளியில்தான் மெட்ரோவின் முதல் கட்டம் முழுதும் கட்டி முடிந்தது, பரங்கிமலை அரை கிலோமீட்டர் அறுந்து நின்றது, கிளாம்பாக்கம் ரயில் நிலையம் இல்லாமலேயே வடிவமைக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவ்வளவு பெரிய பரப்புக்கு மேலிருந்து வரைபடம் போட ஓர் ஆணையம் கட்டாயம் வேண்டும். 118.9 கிலோமீட்டர் நீளத்தில் 63,246 கோடி ரூபாய் செலவில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் எழும்போது அது இன்னும் அவசியம்.

கீழேயும் ஒரு மேசை இருக்கிறது. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243எஸ் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல் வந்தன. வார்டுக்குள் பகுதிவாரியாகக் கூடும் ஏரியா சபைக் கூட்டங்களும் தொடங்கின. அங்கே பேசப்படுவதெல்லாம் குப்பை, கொசு, தெருவிளக்கு, கழிவுநீர். தெருமுனையில் மெட்ரோ நிலையம் வருகிறதென்றால் அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்கும், பஸ் எங்கே நிற்கும், பூக்காரம்மா எங்கே உட்காருவார் என்ற கேள்விகள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தால் பதில் சொல்ல அங்கே அதிகாரி இல்லை. தடம் எங்கே போகவேண்டும் என்பதைக் கும்டா முடிவு செய்யட்டும். ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அரை கிலோமீட்டர் எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஏரியா சபைக்குச் சொல் இருக்கட்டும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் திட்டச் செலவில் ஒரு பங்கும் இருக்கட்டும். நடைபாதையும் சின்ன பஸ்ஸும் விளக்கும் முடியாமல் நிலையத்தைத் திறப்பதில்லை என்று விதி வைத்தால் ஆகும் தாமதம் சில மாதங்கள். தில்லை கங்கா நகரில் ஆனது பத்தாண்டுக்கு மேல்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஒரு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நீலத் தகரத் தடுப்பு சாலையின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. மிஞ்சிய ஒற்றை வழியில் பஸ் போனால் பைக் நிற்கவேண்டும். தடுப்பை ஒட்டி ஒரு இஸ்திரி வண்டி. அதன் சொந்தக்காரர் பஸ் நிறுத்தம் இடம் மாறியதிலிருந்து அரை ஆள்கூட அந்தப் பக்கம் வருவதில்லை என்றார். மெட்ரோ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வந்தால் நல்லதுதான், எம் பொண்ணு காலேஜுக்கு அதுலதான் போவா என்றார். பிறகு கரிப்பெட்டியைத் துணிமேல் வைத்து அழுத்தியபடியே கேட்டார்: "சார், ஸ்டேஷன் வாசல் இந்தப் பக்கமா வருது, அந்தப் பக்கமா? தெரிஞ்சா வண்டிய இப்பவே நகர்த்தி வெச்சுக்குவேன்." எனக்குத் தெரியவில்லை. தடுப்பில் திட்டத்தின் பெயரும் வேகமாகச் செல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் எழுதியிருந்தன. வாசல் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று தகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.